வீட்டுரிமையும் வில்லங்கமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசையும் நாடகமும் கண்டு களிக்கக் கூடியுள்ள இம்மன்றத்தில் பத்திரம், பட்டா, அடமானம் என்று பேசப் புகுவது பொருந்துமோ என்று யாம் முதலில் தயங்கினோம். நம் காலனிக் குடும்பங்களுக்கு இன்றியமையாத பொருள் இது என்று செயலாளர் அவர்கள் வற்புறுத்தியதால் இசைந்தோம். எண்ணிப் பார்க்குமிடத்து, இப்பொருளுக்கும் இலக்கியத்துக்கும் அவ்வளவு தொலைவு இல்லை.

பெரிய புராணத்தில் சேக்கிழார் பெருமான் விரித்துரைக்கும் தடுத்தாட்கொண்ட வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். புத்தூரில் நம்பியாரூரரின் மணப்பந்தலில் முதியவர் ஒருவர் வந்து நின்று, மணமகன் தமக்கு வழியடிமை என்றும், அவருடைய பாட்டனார் எழுதித் தந்த ஓலை தம்மிடம் உள்ளது என்றும் உரைக்கிறார். நம்பி அவ்வோலையைப் பறித்துக் கிழித்து எறிகிறார். கிழிந்தது படியே, மூல ஓலை வேறே இருக்கிறது என்று கூறி, முதியவர் வழக்கைத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குக் கொண்டு செல்கிறார். அந்த அவையத்தார் வழக்கை ஆராய்ந்த முறையே இன்று நமக்கு வேண்டியது. வழிவழி வந்த ஆட்சி, எழுதிய ஆவணம், அயலார் சாட்சி ஆகிய மூன்றில் ஒன்றினால் உம் வழக்கை நிறுவுக என்கிறார்கள். மூல ஓலை வெளிவந்த பின்னும் அதனை அப்படியே ஏற்றுவிடவில்லை. பாட்டனார் கைப்பட எழுதிய வேறோர் ஓலையை வருவித்து, எழுத்தோடு எழுத்தை ஒத்துப் பார்த்த பின்னரே தீர்ப்புக் கூறுகிறார்கள்.

எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகியும், ஒரு வீடோ நிலமோ யாருடையது என்று கேட்கும் நீதிமன்றம் இம்மூன்றையே தேடுகிறது. ஊரில் குடியிருப்பவனுக்கு இம்மூன்றும் இயல்பாகவே அமைந்திருக்கின்றன. நாள்தோறும் அவன் தன் நிலத்தில் கால் வைக்கிறான்; அது ஆட்சி. பக்கத்து வயற்காரர் அவனை அறிவார், அது சாட்சி. பிழைப்பின் பொருட்டு ஆயிரம் கல்லுக்கு அப்பால் தலைநகரில் வந்து குடியேறிய நமக்கோ, ஆட்சி ஆண்டுதோறும் தேய்கிறது. சாட்சிகள் ஒருவர்பின் ஒருவராக மறைகிறார்கள். எஞ்சுவது ஆவணம் ஒன்றே. ஆகவே ஊரில் இருப்பவரைக் காட்டிலும் நாம் நம் ஆவணங்களை நன்கு அறிந்திருக்க வேண்டும். இதுவே யாம் இன்று சொல்ல வந்த கருத்து.

உரிமை எங்கிருந்து வருகிறது

சொத்துச் சட்டத்தின் முதற்பாடம் மிக எளியது. தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவன் பிறனுக்குக் கொடுக்க இயலாது. விற்றவருக்கு அரைப்பங்கு உரிமை இருந்தால், முழு விலை கொடுத்தவருக்கும் அரைப்பங்கே கிட்டும். விதிவிலக்குகள் சில உண்டு. அவை மிகக் குறுகியவை. ஆதலின் ஒரு வீட்டை வாங்குவோர் கேட்க வேண்டிய கேள்வி, ‘விற்பவர் யார்?’ என்பதோடு முடியாது. ‘அவருக்கு இவ்வீடு எப்படி வந்தது? அவருக்குக் கொடுத்தவருக்கு எப்படி வந்தது?’ என்று பின்னோக்கிச் சென்றுகொண்டே இருக்க வேண்டும். இவ்வாறு கண்ணியோடு கண்ணி கோத்த சங்கிலியையே உரிமை மூலம் என்கிறோம். பழைய பத்திரங்களைத் தாய்ப் பத்திரம், மூலப் பத்திரம் என்று நம் மக்கள் வழங்குவதும் இதனால்தான்.

இச்சங்கிலியில் வரும் கண்ணிகள் சிலவகையே. விலைக்கு வாங்குதல், தானம் பெறுதல், உயில் வழிப் பெறுதல், பாகப் பிரிவினை, வாரிசாக அடைதல் ஆகியவை முதன்மையானவை. ஒவ்வொன்றுக்கும் சட்டம் வகுத்த வடிவம் உண்டு. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 54ஆம் பிரிவின்படி, 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தைப் பதிவு செய்த பத்திரத்தினால் மட்டுமே விற்க இயலும். விற்பதாகச் செய்துகொண்ட உடன்படிக்கை தன்னளவில் சொத்தில் எவ்வுரிமையையும் தருவதில்லை என்பதும் அதே பிரிவின் கூற்று. தானப் பத்திரத்துக்கு இரண்டு சாட்சிகளின் கையொப்பமும் பதிவும் வேண்டும். கொடுப்பவர் உயிருடன் இருக்கும்போதே பெறுபவர் அதை ஏற்க வேண்டும். உயிலுக்குப் பதிவு கட்டாயமன்று. இரண்டு சாட்சிகள் கட்டாயம். எழுதியவர் மறைந்த பின்னரே அது பயன் தரத் தொடங்கும். அதுவரை அவர் விரும்பும்போது மாற்றி எழுதலாம்.

பதிவும் பட்டாவும்

பதிவு செய்துவிட்டோம்; இனி அசைக்க முடியாது என்று பலர் மகிழ்கிறார்கள். நம் நாட்டில் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் பத்திரத்தைப் பதிவு செய்கிறதேயன்றி, உரிமைக்கு உறுதி கூறுவதில்லை. 1858இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் தோன்றிய டோரன்ஸ் முறையில் அரசு ஏட்டில் ஏறிய பெயரே உரிமைக்கு உறுதி. நம் முறை அதுவன்று. பதிவாளர் உரிமையை விசாரித்துத் தீர்ப்பளிக்கும் நீதிபதி அல்லர். 2025இல் தமிழ்நாட்டின் பதிவு விதியொன்றைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றமும் இக்கருத்தையே வலியுறுத்திற்று. பதிவு என்பது, இன்ன நாளில் இன்னார் இவ்வாறு எழுதிக் கொடுத்தார் என்று உலகுக்கு அறிவிக்கும் முரசு. எழுதிக் கொடுத்தவருக்கு அவ்வுரிமை இருந்ததா என்பது வாங்குபவரின் பொறுப்பு.

பட்டாவின் நிலையும் அதுவே. அது நிலவரித் துறை வைத்திருக்கும் கணக்கு. தீர்வையை யாரிடம் வாங்குவது என்பதற்காக ஏற்பட்டது. அனுபவத்துக்கு அது நல்ல சான்று. உரிமைக்கு அதுவே மூலமாகாது. வீட்டுவரி ரசீதும் மின்கட்டண அட்டையும் அத்தகையவையே. எனினும் இவற்றை இகழ்ந்து ஒதுக்கலாகாது. ஊரில் இல்லாத நமக்கு ஆட்சியை எடுத்துக் காட்டும் கருவிகள் இவையே. தந்தையார் பெயரிலோ பாட்டனார் பெயரிலோ பட்டாவை நிறுத்தி வைத்துவிட்டு இருபது ஆண்டு கழித்துத் தேடுவோர் நம்மிடையே பலர்.

வில்லங்கம் என்பது யாது?

பேச்சு வழக்கில் வில்லங்கம் என்றால் வம்பு என்று பொருள். சட்டத்தில், ஒருவருடைய சொத்தின்மீது மற்றொருவருக்கு உள்ள சுமையே வில்லங்கம். வீடு நம்முடையது; ஆனால் அதன்மேல் வேறொருவர் கைவைக்க வழியிருக்கிறது. வீட்டைக் கைவிடாமல் எழுதிக் கொடுக்கும் சாதாரண ஈடு, வட்டிக்குப் பதிலாகச் சொத்தைப் பிறர் அனுபவிக்க விடும் போக்கியம், பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்துப் பெறும் கடன் ஆகியவை இதில் அடங்கும். நீண்ட காலக் குத்தகை, நீதிமன்றத்தின் ஜப்தி, நடைபெற்றுக் கொண்டிருக்கும் வழக்கு, பின்வீட்டுக்காரருக்கு உள்ள நடைபாதை உரிமை, ஒருவருடைய ஜீவனாம்சத்துக்காகச் சொத்தின்மீது ஏற்படுத்திய பொறுப்பு ஆகியவையும் அவ்வாறே. சொத்தை வாங்குபவர் சுமையையும் சேர்த்தே பெரும்பாலும் வாங்குகிறார். வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்கியவரை அவ்வழக்கின் தீர்ப்புக் கட்டுப்படுத்தும் என்று 52ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. வழக்கு நடப்பதை அறியோம் என்பது விடையாகாது.

சான்றிதழ் காட்டாதவை

சார்பதிவாளர் அலுவலகத்தில் பெறும் வில்லங்கச் சான்றிதழை நம் மக்கள் பெரிதும் நம்புகிறார்கள். இப்பொழுது தமிழ்நாட்டுப் பதிவுத் துறையின் இணையதளத்தில் இங்கிருந்தே அதைப் பார்க்க இயல்வது நமக்குப் பெரு நன்மை. ஆனால் அச்சான்றிதழ் எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்பதை அறியாமல் அதை நம்புவது, பாதி விளக்கில் பாதை நடப்பது போலாகும்.

குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட சர்வே எண்ணின்மீது, அவ்வலுவலகத்தில் பதிவான பத்திரங்கள் எவை என்பதே அச்சான்றிதழ் தரும் செய்தி. பதிவாகாதவை அதில் இரா. எழுத்தில்லாமல் வாய்மொழியாக நடந்த பாகப் பிரிவினை அதில் இராது. உயில்கள் தனிப் புத்தகத்தில் பதிவாகின்றன. எழுதியவர் உயிருடன் இருக்கும்வரை அவற்றின் நகல் பிறருக்குக் கிடைப்பதில்லை. பத்திரங்களை வங்கியில் வைத்துப் பெற்ற கடன், அதற்கெனத் தனிப்பத்திரம் எழுதிப் பதிவு செய்திருந்தாலன்றித் தோன்றாது. வங்கிக் கடன்களை அறிவதற்கு 2002ஆம் ஆண்டுச் சர்பேசி சட்டத்தின்கீழ் அமைந்த மத்தியப் பதிவகம் 2011 முதல் இயங்கி வருகிறது. கட்டணம் செலுத்தி எவரும் அதில் தேடலாம். விற்பவர் மூலப் பத்திரத்துக்குப் பதிலாக நகலை மட்டும் காட்டுவாரானால், மூல ஓலை எங்கே என்று திருவெண்ணெய்நல்லூர் அவையைப் போல் நாமும் கேட்டே தீர வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. நிலம் உட்பிரிவு செய்யப்பட்டால் எண் மாறும். அலுவலக எல்லை மாறினால் பதிவேடு வேறிடத்தில் இருக்கும். புதிய எண்ணுக்கு மட்டும் சான்றிதழ் பெற்றால், பழைய எண்ணில் பதிவான அடமானம் அதில் தெரியாமல் போகலாம். பழைய எண், புதிய எண் இரண்டுக்கும் தேடுவதே அறிவுடைமை. முப்பது ஆண்டுகளுக்குத் தேடுவது வழக்கம். முப்பது ஆண்டு முதிர்ந்து, உரிய காவலிலிருந்து வரும் ஆவணத்தின் கையெழுத்து மெய்யானது என்று நீதிமன்றம் கொள்ளலாம் என 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் கூறிற்று. அதன் இடத்தில் 1-7-2024 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2023ஆம் ஆண்டுச் சட்டமும் அதனையே கூறுகிறது. எனவே பழைய பத்திரத்தைக் கறையான் தின்னக் கொடுப்பவர், தம் சாட்சியைத் தாமே மாய்ப்பவர் ஆவர்.

தாயும் பெண்மக்களும்

எந்த ஏட்டிலும் தோன்றாத குறைகளில் பெரியது விட்டுப்போன வாரிசு. எடுத்துக்காட்டு ஒன்று கூறுவோம். இந்து ஒருவர் தாம் ஈட்டிய பொருளால் வாங்கிய வீட்டை விட்டு, உயில் எழுதாமல் மறைகிறார். விதவையான தாயும், மனைவியும், ஒரு மகனும், ஒரு மகளும் இருக்கிறார்கள். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நால்வருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. மனைவியும் மக்களும் சேர்ந்து வீட்டை விற்கிறார்கள். பாட்டியின் கையொப்பத்தை வாங்க ஒருவருக்கும் தோன்றவில்லை. வாங்கியவர் பெற்றது முக்கால் பங்கே. பாட்டி உயிலின்றி மறைந்ததும் அவருடைய கால் பங்கு, அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும், முன்னரே மறைந்த மகனின் மக்களுக்கும் சேர்கிறது. பத்தாண்டு கழித்துப் பெரியப்பாவும் அத்தையும் பங்கு கேட்டு வந்தால், அது பேராசை அன்று. சட்டம் அளித்த உரிமை. வில்லங்கச் சான்றிதழோ அன்றும் இன்றும் தூய்மையாகவே இருக்கும்.

பெண்மக்களின் உரிமையும் இவ்வாறே மறக்கப்படுகிறது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப்போல் பிறப்புரிமை உண்டு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் செய்தது. அது அந்நாள்வரை மணமாகாதிருந்த மகளிரோடு நின்றது. 9-9-2005 முதல் நாடு முழுமைக்கும் மணமான மகளிரையும் அவ்வுரிமை எட்டியது. அந்நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டிய தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாக்கிற்று. 20-12-2004க்கு முன் முறையாக நடந்த பாகப் பிரிவினைகளும் விற்பனைகளும் குலையா. சீர்வரிசை செய்தாயிற்று, இனிப் பெண்ணுக்கு ஏது பங்கு என்னும் பேச்சு நீதிமன்றத்தில் நில்லாது. சகோதரிகளின் கையொப்பமின்றி ஊர்நிலத்தை விற்கும் அண்ணன் தம்பியர், வாங்குபவருக்கு வழக்கையும் சேர்த்தே விற்கிறார்கள். கிறித்தவ அன்பர்களுக்கு 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டமும், முஸ்லிம் அன்பர்களுக்கு அவர்தம் சமயச் சட்டமும் பொருந்தும். பங்குகள் வேறுபடினும், ஒரு வாரிசையும் விடலாகாது என்னும் விதி எல்லோர்க்கும் ஒன்றே.

அதிகாரப் பத்திரம்

தொலைவில் இருப்போர்க்கு அதிகாரப் பத்திரம் இன்றியமையாத கருவி. அதுவே கூரிய கருவியும் ஆகும். வாடகை வாங்கவும் வரி கட்டவும் ஊரிலுள்ள உறவினருக்கு அதிகாரம் கொடுக்க எண்ணுபவர், பொது அதிகாரம் என்று எழுதி விற்கவும் அடகு வைக்கவும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார். எந்தச் செயலுக்கு வேண்டுமோ அதற்கு மட்டும், சொத்தையும் பணியையும் குறித்து எழுதித் தருவதே முறை. பத்திரத்தை நமக்காகப் பதிவுக்குக் கொண்டு செல்லும் அதிகாரத்தை, நாம் குடியிருக்கும் இடத்துச் சார்பதிவாளர் முன்பே எழுதி உறுதி செய்யலாம். அதற்காக ஊருக்கு ஓட வேண்டுவதில்லை. சாதாரண அதிகாரம் கொடுத்தவரின் மரணத்தோடு முடிகிறது. கொடுத்ததை நீக்கினால், நீக்கியதையும் பதிவு செய்து, பெற்றவருக்கும் உரியவர்களுக்கும் அறிவித்துவிட வேண்டும்.

இத்தலைநகரில் இதற்கு வேறொரு வரலாறும் உண்டு. இங்குள்ள மனைகளிலும் வீடுகளிலும் பல, அரசிடமிருந்து நீண்ட காலக் குத்தகையாகப் பெற்றவை. விற்க வேண்டுமானால் அரசின் இசைவு வேண்டும். உயர்ந்த மதிப்பில் ஒரு பகுதியையும் செலுத்த வேண்டும். இதனைத் தவிர்க்க, பொது அதிகாரப் பத்திரம், விற்பனை உடன்படிக்கை, உயில் ஆகிய மூன்றையும் எழுதிக் கொடுத்துப் பணத்தைப் பெற்றுக்கொண்டு சாவியை ஒப்படைக்கும் வழக்கம் பரவிற்று. நம் குடும்பங்களிலும் பல இவ்வாறே வீடு பெற்றன. இம்முறையினால் உரிமை மாறாது என்று சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. உண்மையாக நடந்த ஒப்பந்தங்களைக் கொண்டு முறையான கிரயப் பத்திரம் பெற்றுக்கொள்ளத் தடையில்லை என்றும் அத்தீர்ப்பு இடம் தந்தது. அங்கீகாரம் பெறாத 1,700க்கு மேற்பட்ட காலனிகளில் வாழ்வோர்க்கு, இத்தகைய தாள்களைக் கொண்டே உரிமை பெற 2019ஆம் ஆண்டுத் தனிச் சட்டம் வழி திறந்தது. எழுதிக் கொடுத்தவர் உயிருடன் இருக்கும்போதே கிரயப் பத்திரம் பெறுவது எளிது. அவர் மறைந்த பின் அவருடைய வாரிசுகளைத் தேடி அலைய நேரும். இதனைத் தள்ளிப் போடும் ஒவ்வோர் ஆண்டும் கடினம் பெருகும்.

ஆட்சியைக் காத்தல்

பன்னிரண்டு ஆண்டு குடியிருந்தவனுக்கு வீடு சொந்தமாகிவிடும் என்று அஞ்சுவோர்க்கு ஒரு சொல். 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் 12 ஆண்டு என்று கூறுவது உண்மை. ஆனால் அந்த அனுபவம், உரியவரின் உரிமையை மறுத்து வெளிப்படையாக நிகழ்ந்ததாக இருக்க வேண்டும். நம் இசைவோடு குடியிருக்கும் உறவினருக்கும், வாடகைக்காரருக்கும், காவலுக்கு வைத்தவருக்கும் காலம் கடந்தது என்பதனாலேயே உரிமை பிறந்துவிடாது. கூட்டு வாரிசுகளுள் ஒருவர் அனுபவிப்பது பொதுவாக எல்லோர் சார்பிலும் அனுபவிப்பதாகவே கொள்ளப்படும். இடர் எங்கே என்றால், நாம் இசைந்துதான் அவர் இருந்தார் என்று காட்ட ஒரு துண்டுத் தாளும் நம்மிடம் இல்லாதபோதுதான். ஆகவே எவ்வளவு நெருங்கிய உறவாயினும் ஓர் எழுத்து இருக்கட்டும். வரியை நம் பெயரில் நாமே கட்டுவோம். உறவு கெட்டுவிடுமே என்று எழுதாமல் விடுகிறோம்; எழுதாமல் விட்டதனாலேயே கெட்ட உறவுகள்தாம் மிகுதி.

முடிவுரை

அன்பர்களே! வீடு வாங்கும் வேளையில் வழக்கறிஞர் ஒருவரை அமர்த்தி மூலங்களைப் பார்க்கச் செய்வது, விலையோடு ஒப்பிட மிகச் சிறிய செலவே. அதற்கும் முன்னர், பணமே செலவழியாத பணி ஒன்று நம் ஒவ்வொருவர் வீட்டிலும் காத்திருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, பெரியவர்களோடு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு நிலத்தின் நான்கு எல்லைகளையும் நடந்து பாருங்கள். வடக்கே யாருடைய நிலம், தெற்கே எந்த வாய்க்கால் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அளவும் எல்லையும் முரண்படும்போது எல்லையையே நீதிமன்றங்கள் பொதுவாகப் பெரிதாகக் கொள்கின்றன. அந்த எல்லையை அறிந்தவர்களோ இன்று எண்பதைக் கடந்தவர்கள். எந்தப் பத்திரம் யாரிடம் இருக்கிறது, எந்தக் கடன் தீர்ந்தது, தீர்ந்ததற்கு ரசீது பதிவாயிற்றா என்று கேளுங்கள். அத்தை, பெரியப்பா, சித்தப்பா, அவர்தம் மக்கள் எல்லோர் பெயரையும் ஒரு தாளில் வரிசைப்படுத்துங்கள். உங்களுக்கென்று சொத்து இருப்பின் உயில் எழுதுங்கள். அது சாவை அழைப்பதன்று, பின்வருவோரிடம் சண்டையை விலக்குவது.

நம் முன்னோர் வியர்வை சிந்தித் தேடிய காணி நம் காலத்தில் வழக்காக மாறிப் போகாமல், உரிமையாகவே நம் மக்களைச் சேர வேண்டும். ஆவணத்தை அறிந்து காப்போம்; ஆட்சியை விடாது பேணுவோம்; சாட்சியாய் நிற்கும் பெரியோர் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வோம்.